டிஜிட்டலில் பதிந்தால் கமகம் தொலைகிறதா?

டிசம்பர் 16, மாலை – கேள்வி, மயிலாப்பூர் ரசிகர் ஒருவர்

இப்போது எல்லா சபாவிலும் டிஜிட்டலில்தான் பதிகிறார்கள். விநாடிக்கு 44,100 புள்ளி என்கிறார்கள். புள்ளிதானே? ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் குரல் என்ன செய்தது என்று யாருக்குத் தெரியும்? தோடி ராகத்தில் காந்தார ஸ்வரம் அசைகிற அசைவு, அதாவது கமகம், ஒரே தொடர்ச்சி. அதை வெட்டி வெட்டி வைத்தால் நடுவில் இருக்கும் நெளிவு போய்விடும் என்பது என் கட்சி. டேப்பில் இந்த வெட்டு கிடையாது. படித்தவர்கள் நேராகப் பதில் சொல்லுங்கள்.

டிசம்பர் 16, இரவு 10.20 – பதில், லேப் ஆசிரியர் ஒருவர்

போகாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு, மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. கருவிக்குள் நுழைகிற ஒலியில் ஒரு வரம்புக்கு மேற்பட்ட அதிர்வெண் எதுவும் இருக்கக் கூடாது. சி.டி. கணக்கில் அந்த வரம்பு 22,050 ஹெர்ட்ஸ், அதாவது 44,100-இல் பாதி. நல்ல இளம் காதுக்கே 20,000 வரைக்கும்தான் கேட்கும். அதனால் சாம்பிள் (நீங்கள் சொல்லும் புள்ளி) எடுப்பதற்கு முன்பே ஒரு ஃபில்டரை வைத்து மேலே உள்ளதை நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்தியாயிற்று என்றால், புள்ளிகளுக்கு நடுவில் அலை தன் இஷ்டத்துக்கு வளைய முடியாது. நடுவில் கூடுதலாக ஒரு நெளிவு இருந்திருக்க வேண்டுமானால் அது 22,050-ஐ விட வேகமான நெளிவாக இருந்திருக்கும். அதைத்தான் வாசலிலேயே தடுத்துவிட்டோமே. ஆகவே அந்தப் புள்ளிகள் வழியாகப் போகக்கூடிய அலை ஒன்றே ஒன்றுதான், அது உள்ளே வந்த அதே அலை. விட்டேக்கர் 1915-இல் கணிதமாகவும், நைக்விஸ்ட் 1928-இல் தந்தியை வைத்தும், கோட்டெல்னிகோவ் 1933-இல் ரஷ்யாவிலும், கடைசியாக ஷானன் 1949-இல் தகவல் தொடர்புக்காரர்களுக்குப் புரிகிற மாதிரியும் இதைச் சொல்லிவிட்டார்கள்.

டிசம்பர் 17, காலை 6.45

காலையில் மறுபடி படித்தபோது தோன்றியது: இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் பாடப் புத்தகப் படம். அலையை வரைந்து அதன் மேல் படிக்கட்டு மாதிரி ஒரு கோடு போட்டு, இதுதான் டிஜிட்டல் என்று கீழே எழுதியிருப்பார்கள். பார்ப்பவருக்கு வேறென்ன தோன்றும்? அந்தப் படிக்கட்டு நடுவழியில் வருவது. எண்களைத் திரும்ப மின்னழுத்தமாக மாற்றும்போது ஒவ்வொரு மதிப்பையும் அடுத்தது வரும்வரை பிடித்து வைப்பதால் அப்படித் தெரிகிறது. அதற்குப் பிறகு இன்னொரு ஃபில்டர் இருக்கிறது. படியின் கூர்மையான விளிம்புகள் எல்லாம் வரம்புக்கு மேற்பட்ட அதிர்வெண்கள்தான், அவை அங்கே நின்றுவிடும். ஸ்பீக்கருக்குப் போவது வழவழப்பான அலை. அலையைத் திரையில் வரைந்து காட்டும் சி.ஆர்.ஓ. கருவியில் ஒரு கம்பியை ஃபில்டருக்கு முன்பும் இன்னொன்றைப் பின்பும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே திரையில் தெரியும்.

டிசம்பர் 17, மதியம் 1.10

'உச்ச அதிர்வெண்ணைப் போல் இரண்டு மடங்கு சாம்பிள் போதும்' என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். சரியாக இரண்டு மடங்கு போதாது, அதற்கு மேல் வேண்டும். 4,000 ஹெர்ட்ஸ் அலையை விநாடிக்கு 8,000 முறை எடுத்தால் ஒவ்வொரு முறையும் அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்திலேயே மாட்டலாம். அப்போது கையில் கிடைப்பது வெறும் பூஜ்ய வரிசை.

டிசம்பர் 17, இரவு 11.05

இனி அந்த நிபந்தனையை மீறினால் என்ன ஆகும் என்பது. கமகம் உண்மையிலேயே கெட்டுப்போகிற இடம் இதுதான், ரசிகர் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

நான் தொலைபேசித் துறையில் டிரான்ஸ்மிஷன் பக்கம் வேலை பார்த்துவிட்டு, இப்போது தென்சென்னைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் எடுக்கிறேன். சாம்பிளிங் கிட்டில் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, 8,000 ஹெர்ட்ஸில் சாம்பிள் எடுக்க வைத்து, சிக்னல் ஜெனரேட்டரை மாணவர் கையில் கொடுத்துவிடுவேன். 1,000 ஹெர்ட்ஸ் வைத்தால் ஸ்பீக்கரில் 1,000 கேட்கும். குமிழைத் திருப்பத் திருப்ப ஒலி ஏறும். 4,000-ஐத் தாண்டியதும் குமிழ் மேலே போகிறது, ஒலி கீழே இறங்குகிறது. 5,000 கொடுத்தால் 3,000 கேட்கும், 7,000 கொடுத்தால் 1,000 கேட்கும், 7,500-க்கு 500. மாணவர்கள் முதலில் ஜெனரேட்டர் பழுது என்று டயலைப் பார்ப்பார்கள், அப்புறம் வயரை ஆட்டிப் பார்ப்பார்கள். எதிலும் பழுது இல்லை. விநாடிக்கு 8,000 புள்ளி மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் 7,000-க்கும் 1,000-க்கும் வித்தியாசமே தெரியாது, இரண்டும் ஒரே எண்களைத்தான் தரும். இதற்கு அலியாசிங் என்று பெயர்.

கச்சேரியில் வைத்து யோசியுங்கள். வரம்புக்கு மேலே இருக்கும் ஒரு ஸ்வர நாதம் ஏறும்போது அதன் போலி இறங்கும். வயலினில் ஒரு ஜாரு (விரல் வழுக்கிப் போகும் கமகம்) மேலே போனால் அதோடு சேர்ந்து ஒலிக்கும் உச்ச நாதங்களின் போலிகள் கீழே வழுக்கி வரும், ஆரோகணத்துக்குள் ஒரு அவரோகணம். ஸ்ருதிக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. இன்னொன்று, இது எண்ணாக மாறிய பிறகு எதைப் போட்டும் கழுவ முடியாது, ஏனென்றால் நிஜமான 1,000-ம் போலி 1,000-ம் ஒரே எண்தான். அதனால்தான் ஃபில்டர் முன்னால் இருக்க வேண்டும் என்று தொண்டை வறளச் சொல்கிறேன்.

டிசம்பர் 18, காலை 7.30

அதே ரசிகர் திரும்பக் கேட்கிறார்: 'அப்படியானால் ஃபில்டர் நல்ல ஃபில்டரா என்பதுதானே கேள்வி?' ஆமாம் சார், சரியான கேள்வி.

20,000 வரை முழுதாக விட்டுவிட்டு 22,050-க்குள் முழுதாக அடைக்க வேண்டும். இவ்வளவு செங்குத்தான சரிவை வெறும் கம்பிச் சுருளிலும் கெப்பாசிட்டரிலும் கட்டுவது கஷ்டம், கட்டினால் விளிம்புக்குப் பக்கத்தில் அலைகள் ஒன்றோடொன்று நேரத்தில் இசையும் ஒழுங்கு (ஃபேஸ்) குலையும். 1982-இல் சி.டி. வந்த புதிதில் சிலர் ஒலி கரகரப்பாக இருக்கிறது என்று சொன்னதற்கு இதிலும் ஒரு பங்கு உண்டு. ஒலியை எண்ணாக மாற்றும் இப்போதைய ஏ.டி.சி. சிப்புகள் வேறு வழியில் போகின்றன. உள்ளே மெகாஹெர்ட்ஸ் கணக்கில் சாம்பிள் எடுக்கும், அப்போது முன்னால் இருக்கும் ஃபில்டர் மிக எளிமையானதாக இருந்தால் போதும். செங்குத்தான வேலையை எண்களுக்குள் கணக்காகச் செய்துவிட்டு, அப்புறம் 44,100-க்கோ 48,000-க்கோ குறைத்துக்கொள்ளும். சாதாரண மொபைலுக்குள் இருப்பதுகூட இந்த வகைதான்.

44,100 ஏன் இப்படி விநோதமான எண் என்று கேட்டவருக்கு: ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் சேமித்தார்கள். வீடியோ படத்தின் ஒரு கோட்டுக்கு 3 சாம்பிள், ஒரு ஃபீல்டில் (அரைப் படத்தில்) பயன்படும் கோடுகள் 245, விநாடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்கள். நம் ஊர் 50 ஃபீல்டு முறையில் 294 கோடு வைத்தாலும் அதே எண் வரும். காதுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள சம்பந்தம் 40,000-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான்.

டிசம்பர் 18, இரவு 9.50

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி, மூன்றாம் ஆண்டு மாணவர். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஆர்டுயினோ என்ற சின்ன கம்ப்யூட்டர் போர்டும் மைக் மாட்யூலும் வாங்கி ஒலி பதிகிறாராம். இல்லாத விசில் சத்தம் வருகிறதாம்.

தம்பி, அந்த போர்டில் சாதாரணமாக அனலாக் ரீட் என்ற கட்டளையைப் போட்டால் விநாடிக்கு ஏறக்குறைய 9,600 சாம்பிள்தான் வரும். ஆகவே 4,800-க்கு மேல் எது உள்ளே போனாலும் போலியாகத் திரும்பி வரும். மைக்குக்கும் போர்டின் இன்புட் பின்னுக்கும் (pin) நடுவில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும் தரைக்கு 4.7 நானோஃபேரட் கெப்பாசிட்டரும் போடுங்கள், வெட்டும் இடம் சுமார் 3,400 ஹெர்ட்ஸ். கடையில் இரண்டும் சில்லறைக் காசு. ஆனால் இது ஒன்றே போதும் என்று நினைக்காதீர்கள். 6,200 ஹெர்ட்ஸ் இந்த ஃபில்டரைத் தாண்டும்போது ஏறக்குறைய பாதியாகத்தான் குறையும், அது வந்து 3,400-இல் உட்காரும். ஒரு ஆப்-ஆம்ப் (பெருக்கி சிப்) வைத்து இன்னும் இரண்டு மூன்று படி ஃபில்டர் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஏ.டி.சி.யின் கிளாக்கைக் கூட்டி வேகமாக எடுத்துவிட்டுப் பிறகு புரோகிராமில் வடிகட்ட வேண்டும். இரண்டாவது வழி நல்லது, கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது.

டிசம்பர் 19, காலை 6.20

சாம்பிளிங் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் எழுதும் 0, 1 இலக்கமான பிட்டைத் தொடாமல் போனால் கதை பாதிதான். நேரத்தை வெட்டுவதில் இழப்பு இல்லை. உயரத்தை அளப்பதில் உண்டு. 16 பிட் என்றால் 65,536 படிகள். அலையின் உயரம் இரண்டு படிக்கு நடுவில் விழுந்தால் பக்கத்துப் படிக்குத் தள்ள வேண்டும், தள்ளிய அளவு பிழை. அது திரும்பி வராது. பிட் ஒன்று கூட்டினால் பிழையின் இரைச்சல் 6 டெசிபல் குறையும், 16 பிட்டில் அது உச்ச ஒலிக்குச் சுமார் 98 டெசிபல் கீழே இருக்கும். எந்த சபாவிலும் அவ்வளவு நிசப்தம் கிடையாது. ஏ.சி. ஓசையே அந்தப் பிழை இரைச்சலுக்கு மேல் இருக்கும்.

பெரிய ஒலியில் இந்தப் பிழை யாருக்கும் கேட்காது. தம்புரா தந்தியை மீட்டிவிட்டு அது தேய்ந்து தேய்ந்து அடங்குவதைக் கவனியுங்கள். கடைசித் தேய்வு சில படிகள் உயரத்துக்குள் வந்துவிடும்போது அலையின் வடிவமே முரடாகிவிடும், நாதத்தோடு ஒட்டிக்கொண்ட ஒரு கரகரப்பு வரும். இதற்கு மருந்து விசித்திரமானது. அளப்பதற்கு முன்பு ஒரு படி உயரத்தளவுக்குக் கொஞ்சம் இரைச்சலை வேண்டுமென்றே சேர்ப்பார்கள், டிதர் என்பார்கள். அப்போது பிழை நாதத்தை விட்டுப் பிரிந்து மெல்லிய, மாறாத 'ஸ்ஸ்' ஆகிவிடும். அதற்கு அடியில் தம்புரா சுத்தமாகத் தேய்ந்து அடங்குவதைக் காதால் பின்தொடரலாம், கடைசிப் படிக்கும் கீழே போன பிறகுகூட. 1962-இல் ராபர்ட்ஸ் என்பவர் படங்களுக்கு இதே உத்தியைக் காட்டினார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

டிசம்பர் 19, மதியம் 12.40

மிருதங்கம் வாசிக்கிற ஒருவரின் கேள்வி: சாப்பு விழும் நேரம் இரண்டு சாம்பிளுக்கு நடுவில் வந்தால் அடுத்த சாம்பிளுக்குத் தள்ளப்படுமா? தள்ளப்படாது. அடி கொஞ்சம் முந்தினால் சுற்றியுள்ள எல்லாப் புள்ளிகளின் உயரமும் கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்திலேயே நேரம் பதிந்துவிடும். சாம்பிள் இடைவெளி 22.7 மைக்ரோ விநாடி. பிடிபடும் நேர நுணுக்கம் அதைவிட எத்தனையோ மடங்கு நுண்மையானது.

டிசம்பர் 20, இரவு 10.30

தொலைபேசி பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர். இதைச் சுருக்க எனக்கு மனம் வராது.

பழைய தொலைபேசியில் குரலை 300-இலிருந்து 3,400 ஹெர்ட்ஸுக்குள் அடக்கி, விநாடிக்கு 8,000 சாம்பிள், சாம்பிளுக்கு 8 பிட். ஆக 64,000 பிட். ஒரே லைனில் முறை வைத்து ஓடும் டைம் ஸ்லாட்டுகளில் 30 பேச்சுக்கு, வரிசையின் ஒழுங்கைப் பிடிக்க ஒன்று, அழைப்பை இணைக்கும் சிக்னலிங்குக்கு ஒன்று, மொத்தம் 32. பெருக்கினால் 2.048 மெகாபிட், இதுதான் எக்ஸ்சேஞ்சுக்காரர்கள் ஈ-ஒன் என்று சொல்வது. 125 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை ஒவ்வொருவர் குரலிலிருந்தும் ஒரு பைட் எடுத்துக்கொண்டு ஃபிரேம் கிளம்பும்.

8 பிட் என்றால் 256 படிதான். சமமான படியாக வைத்தால், கத்திப் பேசுபவர் தெளிவாகக் கேட்பார், மெதுவாகப் பேசுபவர் இரைச்சலில் மூழ்குவார். அதனால் படிகளைச் சமமாக வைக்கவில்லை. சிறிய ஒலிக்கு நெருக்கமான படி, பெரிய ஒலிக்கு அகலமான படி. இந்தப் படி அமைப்பில் இந்தியாவும் ஐரோப்பாவும் பின்பற்றுவது ஏ-லா என்ற விதி, அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-லா. ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்று சொல்லும், மூன்று பிட் எந்தப் பகுதி, நான்கு பிட் அந்தப் பகுதிக்குள் எந்தப் படி. இந்த 8 பிட்டில் 13 பிட் அளவுக்கான வீச்சு அடங்கிவிடும்.

இன்னொரு நுணுக்கம். யாரும் பேசாதபோது எல்லாம் பூஜ்யமாக ஓடினால் மறுமுனைக் கருவிக்கு நேரத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது, கிளாக் நழுவும். அதனால் ஒன்று விட்டு ஒரு பிட்டைத் தலைகீழாக்கி அனுப்புவார்கள். மௌனத்துக்கு லைனில் ஓடுவது 11010101. இரவு ஷிப்டில் டெஸ்டரை மாட்டினால் ஸ்லாட் ஸ்லாட்டாக இதே கோலம்தான் தெரியும், எங்காவது ஒன்று மட்டும் மாறி மாறி ஓடும். யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டெஸ்ட் டோன் 1,000 ஹெர்ட்ஸ் வைக்காமல் 1,020 வைப்பது ஏன் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். 8,000-ஐ 1,000 மிச்சமில்லாமல் வகுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதே எட்டு இடத்தில்தான் சாம்பிள் விழும், 256 படியில் எட்டே எட்டைச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று எழுதிக் கொடுப்போம். 1,020 வைத்தால் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும்.

டிசம்பர் 20, இரவு 10.55

விட்டுப்போனது. போனில் 'எஸ்'ஸும் 'எஃப்'பும் குழம்புவது உங்கள் காதுக் கோளாறு இல்லை. 'ஸ்' ஒலியின் பலம் பெரும்பாலும் 4,000-க்கு மேலே. அது ஃபில்டரிலேயே நின்றுவிடும். அதனால்தான் வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணைப் போனில் சொல்லும்போது 'எஸ் ஃபார் சீதா' என்று சொல்ல வேண்டியிருந்தது. 4ஜி-யில் குரல் 16,000 சாம்பிளில் 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும் வசதி வந்த பிறகு இந்தத் தொல்லை நன்றாகக் குறைந்திருக்கிறது.

டிசம்பர் 21, காலை 7.15

டேப் பற்றி. டேப்பில் வெட்டு இல்லை என்பது உண்மை. கேசட் விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பெல்ட் தளர்ந்து 3 சதவீதம் வேகம் மாறினால் ஐந்து கட்டை ஸ்ருதியில் பாடியது ஐந்துக்கும் ஐந்தரைக்கும் நடுவில் போய் நிற்கும். அதைவிட மோசம் வேகம் நடுங்குவது. குரலில் இல்லாத அசைவு அதில் சேரும். கமகத்தை மதிக்கிறவர் பயப்பட வேண்டியது இதற்கு. நேரத்தின் ஒழுங்கில் சாதாரண குவார்ட்ஸ் கிளாக்குக்குப் பக்கத்தில்கூட எந்த கேசட் மோட்டாரும் வராது.

பிரதி எடுப்பது வேறு. கேசட்டிலிருந்து கேசட், அதிலிருந்து இன்னொன்று என்று மாமாக்களிடமிருந்து மாமாக்களுக்குப் போன கச்சேரிகளில் தலைமுறைக்குத் தலைமுறை இரைச்சல் ஏறியது. 1937-இல் பாரிஸில் அலெக் ரீவ்ஸ் என்ற பொறியாளர் பல்ஸ் கோட் மாடுலேஷனை, அதாவது குரலை எண்ணாக்கி அனுப்பும் முறையை, யோசித்ததே இதற்காகத்தான். தொலைதூர லைனில் ஒவ்வொரு ரிப்பீட்டரும் குரலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கியது. எண்ணாக அனுப்பினால் ரிப்பீட்டர் '1-ஆ 0-ஆ' என்று மட்டும் பார்த்துப் புதிதாக எழுதிவிடும், இரைச்சல் அங்கேயே உதிரும். அன்றைய வால்வுகளை வைத்து அதைக் கட்ட முடியவில்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகு 1962-இல் பெல் நிறுவனம் டி-ஒன் லைனாகப் பொது உபயோகத்துக்குக் கொண்டுவந்தது.

டிசம்பர் 21, இரவு 8.30

தொலைபேசி லைனிலேயே இன்டர்நெட் ஓடிய டயல்-அப் காலத்தை நினைவுபடுத்தியவருக்கு. 1995 ஆகஸ்ட் 15 அன்று மெட்ராஸிலும் இன்டர்நெட் திறந்தார்கள். மோடம் 33.6 கிலோபிட்டில் போய் நின்றதற்கு ஷானன் 1948-இல் எழுதிய சூத்திரமே காரணம். 3,100 ஹெர்ட்ஸ் அகலமும் 35 டெசிபல் சுத்தமும் (இரைச்சலுக்கு மேல் சிக்னல் நிற்கும் அளவு) உள்ள லைனில் சுமார் 36 கிலோபிட்டுக்கு மேல் பிழையில்லாமல் போகாது. 35 டெசிபலுக்கு மேல் ஏன் போகவில்லை? மேலே சொன்ன அந்த 8 பிட் படிகளின் இரைச்சல்தான் பெரும் காரணம். 56 கிலோபிட் மோடம் சேவை தருபவர் பக்கத்தில் அந்தப் படியாக்கத்தையே தவிர்த்து நேராக எண்களை ஊட்டியது, அதனால்தான் இறங்கும் திசையில் மட்டும் வேகம்.

டிசம்பர் 23, காலை 6.50

கடைசியாக ஒரு பாட்டு டீச்சரின் கடிதம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மடிக்கணினியில் வகுப்பு எடுக்கிறார். 'தம்புரா போட்டால் அவர்களுக்குக் கேட்பதே இல்லை, நான் இழுத்துப் பாடினால் நடுவில் குரல் அமுங்குகிறது, இது சாம்பிளிங்கா?' என்கிறார்.

இல்லை அம்மா. சாம்பிளிங் அங்கே 48,000-ஆகக்கூட இருக்கலாம். கமகத்தைத் தின்பது அதற்குப் பிறகு வரும் மென்பொருள். மாறாமல் ஒலிப்பது எல்லாம் மின்விசிறிச் சத்தம் என்று அது எடுத்துக்கொள்ளும். தம்புரா மாறாமல் ஒலிக்கும், நீட்டிய ஷட்ஜமும் அப்படியே. எதிரொலியை நீக்கும் பகுதி இருவரும் ஒரே நேரத்தில் பாடினால் ஒருவரை அமுக்கும். தோடி காந்தாரம் உடைகிறது என்று ரசிகர் எங்கேயாவது கேட்டிருந்தால் பெரும்பாலும் இப்படி ஓர் இடத்தில்தான் கேட்டிருப்பார்.

செட்டிங்கில் ஒரிஜினல் சவுண்ட் என்று இருந்தால் அதைப் போடுங்கள், நாய்ஸ் சப்ரஷனை அணையுங்கள். இருவரும் ஒயர் ஹெட்போன் மாட்டினால் எதிரொலி நீக்குவதையும் அணைத்துவிடலாம். தம்புராவை நெட் வழியாக அனுப்பாதீர்கள், பிள்ளை தன் பக்கத்தில் அதே ஸ்ருதியில் தனியாகப் போட்டுக்கொள்ளட்டும். சேர்ந்து தாளம் போடவும் முயலாதீர்கள், போய் வரும் தாமதம் அதற்கு இடம் கொடுக்காது. நீங்கள் ஒரு சங்கதி, அப்புறம் அவர். அவர் பாடியதை நுணுக்கமாகத் திருத்த வேண்டியிருந்தால் அவருடைய போனிலேயே சுருக்காமல் பதிந்து ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள்.